நூறு கிராம் குச்சி

பகல் ஒன்று இருபதுக்கு ஜீப் வந்து நின்றது. பிரம்மசக்தி அப்போதுதான் தராசைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள்.

இறங்கியவர் ஜெபசிங். மாவட்டத் தீக்கணிப்பு அலுவலகத்தின் அதிகாரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கோப்பு. சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"வாங்க சார். தண்ணி குடிக்கியளா?"

"குடிச்சிட்டேன். வாக்குமூலத்துல உங்க கையெழுத்து ஒண்ணு வேணும், அக்கா. ஒரு நிமிசம்தான்."

"ரெண்டு மணிக்கு எடை பாக்கணும். மேல போயி எடை பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்."

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதான் பாக்கணும்னு நீங்கதான சட்டம் போட்டிய."

அவர் மலையைப் பார்த்தார். மொட்டைச்சரிவு அடியிலிருந்து முடிவரை கறுப்பாக இருந்தது. எரிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. புகை நின்றுவிட்டது. வாடை நிற்கவில்லை.

"முடியலன்னா ஓடையோட நின்னுக்கிடுங்க," என்றாள். "முன்ன ஒருவாட்டி வந்தப்பமும் அங்கனதான இருந்திய. நாவல் மரத்தடியில ஒக்காந்து மோரு குடிச்சிட்டு அப்படியே ஜீப்புல ஏறிட்டிய."

ஜெபசிங் சிரிக்கவில்லை.

"இல்ல. இன்னிக்கு மேல வாறேன்," என்றார்.

செங்குறிச்சி மலையின் பதினேழாம் நிலையம் என்பது ஒரு கம்பமும் நான்கு மரக்குச்சிகளும்தான். முழுக்கக் காய்ந்தால் நான்கும் சேர்ந்து நூறு கிராம். அதற்கு மேல் உள்ள எடையெல்லாம் ஈரம். காலை ஆறு மணிக்கு ஓர் எடை. பகல் இரண்டு மணிக்கு ஓர் எடை. இரண்டையும் கைபேசியில் அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் மின்கருவிகள்தாம் வைத்தார்கள். யானைகள் அவற்றைப் பிடுங்கி மிதித்தன. குச்சிகளை யானைகள் பொருட்படுத்தவில்லை.

எண்கள் திருநெல்வேலியில் இருந்த கணினிக்குப் போயின. அது செயற்கைக்கோள் படங்களையும் காற்றையும் வெயிலையும் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு சரிவுக்கும் தினம் ஒரு நிறம் சொன்னது. சிவப்பு என்றால் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது. மஞ்சள் என்றால் காவல். தை மாதத்தில் பச்சை வந்தால் முன்தீ வைக்கலாம். காய்ந்த புல்லைச் சிறு தீயால் முன்கூட்டியே எரித்துவிடுவதுதான் முன்தீ. பங்குனியில் பெருந்தீ கிளம்பினால் அதற்குத் தின்ன எதுவும் மிஞ்சியிருக்காது.

காவலர்கள் கணினியைக் கிளி என்றார்கள். தினமும் காலையில் சீட்டு எடுப்பதால்.

பதினேழாம் நிலையத்துக்கு இரண்டு காவலர்கள். பிரம்மசக்தி ஒருத்தி. இன்னொருவர் உச்சிமாகாளி. அவர் இப்போது இல்லை.

ஓடைக்கரை வரை நடந்தார்கள். நாவல் மரத்தடியில் மண் குளிர்ந்திருந்தது. ஓடையில் ஒரு கயிறு கனத்துக்குத் தண்ணீர் ஓடியது. ஜெபசிங் மரத்தில் கை வைத்து மூச்சு வாங்கினார்.

"அதுல என்ன எழுதியிருக்கு சார்? வாசிங்களேன்."

"மேல போயிப் படிக்கலாமே."

"மேல நின்னு படிக்க முடியாது. கண்ணு கூசும். இங்கனயே வாசிங்க."

அவர் கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தைத் தாண்டி இரண்டாம் பக்கத்துக்குப் போனார்.

"'தீக்காவலர் உச்சிமாகாளி தை இருபத்திரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு மொட்டைச்சரிவில் முன்தீ வைத்தார். தீ முழுவதும் அணையும்வரை உடனிருந்து பார்க்காமல் இறங்கிவிட்டார். மறுநாள் காலை காற்று எழுந்தபோது மிச்சத் தீ பரவியது. அவருடைய இறப்புக்கும் சரிவின் அழிவுக்கும் அவருடைய கவனக்குறைவே காரணம்.'"

"கவனக்குறைவா?"

"ஆமா."

"யாரும் நின்னு பாக்க மாட்டாவ சார். நாலு மணிக்குப் பத்தவச்சிட்டு எறங்கிருவோம். பொழுது சாஞ்சா பனி எறங்கும். பனி அணைச்சிரும். காலையில போயி மிச்சம் மீதி கெடந்தா மிதிச்சிட்டு வருவோம். எல்லா மலையிலயும் அப்பிடித்தான்."

"விதிப்படி நிக்கணும்."

"விதிய எழுதுனவரு என்னைக்காச்சும் நின்னிருக்காரா?"

அவர் கோப்பை மூடினார்.

"இத மயினிக்கும் அனுப்புவியளா?" மயினி என்றது உச்சிமாகாளியின் மனைவி பூங்கனியை.

"நகல் போகும்."

"அந்த ஒரு வரிய எடுத்துருங்க. மத்ததுக்கெல்லாம் கையெழுத்துப் போடுதேன்."

"எடுத்தா காரணம்னு வேற ஏதாவது எழுதணும் அக்கா. அடுத்த மாசத்துலருந்து முப்பத்தோரு மலைக்கு இதே கணினிதான் நிறம் சொல்லப் போகுது. இந்த மலையோட எண்ண வச்சுத்தான் அது பழகியிருக்கு. கணினி தப்பா சொல்லிச்சா, ஆளு தப்பு செஞ்சாரான்னு மேலருந்து கேக்குறாங்க. ரெண்டுல ஒண்ணு எழுதாம கோப்ப மூட முடியாது."

"செத்தவரு வந்து மறுத்துச் சொல்ல மாட்டாரு. அதான?"

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். ஜெபசிங் மரத்திலிருந்து கையை எடுத்தார். கை இருந்த இடத்துக்குச் சற்று மேலே பட்டையில் ஒரு தழும்பு இருந்தது. கம்பி பல வருடம் இறுக்கிய தழும்பு. அவர் அதைப் பார்த்தார்.

மேலே நிழல் இல்லை. சாம்பல் செருப்புக்கடியில் பொடிந்தது. வெயில் மேலிருந்து ஒரு தடவையும் கறுத்த தரையிலிருந்து ஒரு தடவையும் அடித்தது. ஜெபசிங் இரண்டு முறை நின்றார். பிரம்மசக்தி நிற்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

நிலையத்துக்கு வந்தபோது இரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது. கம்பம் எரிந்து கரியாக நின்றது. கொக்கிகள் சூட்டில் வளைந்திருந்தன. கொக்கிகளில் நான்கு குச்சிகள் தொங்கின. குச்சிகள் தேன் நிறத்தில் இருந்தன.

அவள் குச்சிகளைக் கழற்றித் தராசில் வைத்தாள்.

"நூத்தி ரெண்டு."

"காலையில?"

"நூத்தி நாலு. ராத்திரி முழுக்க ரெண்டு கிராம் குடிச்சிருக்கு."

"தீ பரவுன அன்னிக்குக் காலையில?"

"நூத்திப் பத்தொம்பது."

எண்ணைக் கைபேசியில் தட்டினாள். அனுப்பினாள். ஜெபசிங் குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். விரலால் தடவினார். விரலில் கரி ஒட்டவில்லை. அடியில் துறையின் முத்திரையும் எண்ணும் இருந்தன. ஒன்பது வருடத்துக்கு முந்தைய எண்.

"குச்சி எரியலையே அக்கா," என்றார்.

அவள் தராசைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்துப் பைக்குள் வைத்தாள்.

"புதுசுன்னு சொல்லிரணும்னுதான் பத்தொம்பது நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க மேல வந்து கேட்டதும் சொல்ல வரல்ல."

"எங்க இருந்துச்சு?"

"நீங்க கை வச்ச மரத்துல."

"எப்பயிருந்து?"

"ஏழு வருசம். சித்திர மாசம். அன்னிக்கு நாப்பத்தி நாலு டிகிரி. எடை பாத்துட்டு நிமிந்த உச்சிமாகாளி அண்ணன் அப்பிடியே விழுந்தாவ. இதே எடந்தான். நாக்கு வெளிய வந்துட்டு. நான் ஒத்தையில காலப் புடிச்சு ஓடை வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனேன். தண்ணியில போட்டேன். அரை மணி நேரம் கழிச்சுக் கண்ணத் தொறந்து, 'எடைய அனுப்பிட்டியாட்டி?'ன்னாவ."

சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் சிரித்தாள்.

"ஆபீசுக்கு எழுதிப் போட்டோம். பதில் வந்துச்சு. பன்னெண்டுலருந்து மூணு மணி வரைக்கும் காவலர்க யாரும் வெயில்ல வேல பாக்கக் கூடாதுன்னு ஒரு காயிதம். அதே வாரத்துல இன்னொரு காயிதம், ரெண்டு மணி எடை ஒரு நாளும் தவறக் கூடாதுன்னு. ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. அண்ணன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாவ. 'இவனுக ரெண்டு பேரா, ஒருத்தனாட்டி?'ன்னு கேட்டாவ. மறுநா குச்சியக் கழத்திக் கொண்டுபோயி மரத்துல கட்டுனோம்."

"ஈரம் மாறும்னு தோணலையா?"

"ஓடைப் பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்னு தெரியும். ரெண்டு கிராம், மூணு கிராம். மொதல்ல ரெண்டு மாசம் அந்த மூணு கிராமக் கழிச்சுட்டுத்தான் எண்ண அனுப்புனோம். அப்புறம் அது விட்டுப்போச்சு."

ஜெபசிங் கம்பத்தின் நிழலைப் பார்த்தார். அது ஒரு விரல் அகலமே இருந்தது. அதற்குள் நிற்க முடியாது.

"அப்ப மூணு கிராம்தான் வித்தியாசம்," என்றார். "இப்ப பதினஞ்சு. முன்னால பொழுது சாஞ்சா மலை குளிரும். காத்துல இருக்குற ஈரம் புல்லுக்குத் திரும்பும். தீ படுத்துக்கும். இப்ப பகல்ல ஏறின சூடு ராத்திரியிலும் இறங்குறதில்ல. விடியும்போதும் சரிவு காஞ்சேதான் கெடக்கு. பள்ளத்துல மட்டும் குளிர்ந்த காத்து தேங்குது. ஓடையில பனி விழுது. இங்க விழல."

"இங்க பனி நின்னு எத்தன வருசமாச்சு?"

"தெரியாது. அதச் சொல்ல வேண்டிய குச்சி கீழ இருந்துச்சு."

பிரம்மசக்தி சாம்பலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின் சூடு தெரிந்து எழுந்து நின்றாள்.

"அப்பல்லாம் விடியக்காலம் நாங்க இங்க ஏறுறதே இல்ல. எடை கீழயே முடிஞ்சிரும்லா. நாங்க ஓடையில பனி இருக்குன்னு கிளிக்குச் சொன்னோம். கிளி மலையில பனி இருக்குன்னு எங்களுக்குச் சொல்லுச்சு. பச்சச் சீட்டு வந்துச்சு. கிளியே சொல்லுதுன்னு நம்பி வச்சோம்."

காற்று வந்தது. சாம்பல் முழங்கால் உயரத்துக்கு எழுந்து விழுந்தது.

"அன்னிக்குக் காலையில அண்ணன் மிச்சம் பாக்க மேல போனாவ. நான் ஓடையில எடை பாத்தேன். குச்சி நனஞ்சு கையில பிசுபிசுன்னு இருந்துச்சு. நூத்திப் பத்தொம்பது. தட்டி அனுப்பிட்டு நிமிந்தேன். மேல பொக. பனிமூட்டம்னு நெனச்சேன் சார். ஒரு நிமிசம் அப்பிடித்தான் நெனச்சேன்."

ஜெபசிங் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டினார். ஒரு குச்சி நழுவியது. எடுத்துத் துடைத்து மாட்டினார்.

"நீங்க வந்தியள்லா, குச்சிய மாத்துன மறு பங்குனியில ஒருநா," என்றாள் அவள். "அன்னிக்கும் குச்சி மரத்துலதான் கெடந்துச்சு. ஜீப்பு தூசி தெரிஞ்சதும் அண்ணன் கழத்தித் தூக்குப்பைக்குள்ள போட்டாவ. உங்களுக்கு மோரு ஊத்தும்போது கை வெடவெடன்னு ஆடுச்சு. 'வயசாகுதா அண்ணாச்சி?'ன்னு நீங்க கேட்டிய. குச்சி அவாளுக்குப் பின்னால பையில இருந்துச்சு."

"ஞாபகம் இருக்கு."

"சார் மேல ஏறுனாருன்னா சொல்லிரணும்னு பேசி வச்சிருந்தோம். கம்பத்துல ஒண்ணும் இல்லன்னு பாத்துருவியள்லா. திட்டுனா திட்டட்டும், இந்த வேகாட்டுல நிக்க முடியலன்னு சொல்லிரலாம், நிழலுக்கு ஒரு கொட்டகையாவது போட்டுக் குடுங்கன்னு கேக்கலாம்னு அண்ணன் சொன்னாவ. நீங்க ஏறல. மோரக் குடிச்சிய. முகத்தக் கழுவுனிய. போயிட்டிய. ஜீப்பு போனதும் ரெண்டு பேரும் சிரிச்சோம். பொழச்சோம்னு சிரிச்சோம்."

அவர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை அடித்தார். அடித்த இடத்தின் மேல் வியர்வை சொட்டியது. மை கலங்கியது.

"என்ன எழுத?"

"உள்ளத எழுதுங்க."

"குச்சி இடம் மாறி இருந்துச்சுன்னு எழுதினா ஏழு வருச எண்ணும் குப்பைக்குப் போகும். முப்பத்தோரு மலைக்கும் நிறுத்துவாங்க. நிறுத்துறதுதான் சரி. ஆனா உங்க வேல போயிரும். கேசும் வரும்."

"நான் மாத்துனேன்னு எழுதுங்க."

"ரெண்டு பேருன்னு சொன்னீங்களே."

"கம்பிய முறுக்குனது நான்தான சார். அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. என் பேர மட்டும் எழுதுங்க."

அவர் எழுதினார். மூன்று வரி. அவள் பெயர் ஒரு தடவை வந்தது. உச்சிமாகாளியின் பெயர் வரவில்லை. கோப்பைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியல. வானத்துலருந்து எல்லாத்தையும் பாக்குது, ஒவ்வொரு மரத்தையும் எண்ணுதுன்னு சொன்னியளே. ஏழு வருசமா நாங்க இப்பிடிச் செய்யுதோம்னு அதுக்குத் தெரியாமயா போச்சு?"

ஜெபசிங் பேனாவை மூடினார்.

"தெரிஞ்சுது," என்றார்.

"என்ன?"

"மாத்துன அடுத்த வருசமே தெரிஞ்சுது. விடியக்காலம் சரிவோட சூட்ட மேலருந்து அளக்கும். சூடா இருக்குற இடத்துல குச்சி எப்படி நனையும்னு அதுக்குச் சந்தேகம் வந்துச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். மடிப்புகள் வியர்வையில் ஊறியிருந்தன. பாதி மட்டும் பிரித்தார். மீதியைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார்.

"'நிலையம் பதினேழு. குச்சிகள் குறிப்பிட்ட இடத்தில் இல்லை என்று கருதுகிறேன். ஒருவர் நேரில் சென்று பார்க்கவும். பார்க்கும்வரை இச்சரிவுக்குப் பச்சை தர இயலாது.' ஆறு வருசத்துக்கு முன்னால. பங்குனி ஒன்பது."

"அது கேட்டுச்சா? அப்பிடியேவா கேட்டுச்சு?"

"அப்படியேதான்."

"அப்புறம்?"

"மூணு நாள் கழிச்சுப் பதில் போயிருக்கு. 'நேரில் பார்க்கப்பட்டது. சரியான இடத்தில் உள்ளன.'"

"அப்புறம் அது கேக்கலையா?"

"கேக்காது. சரின்னு சொன்னா அதையும் கத்துக்கும். அந்த வித்தியாசத்த இந்த மலையோட குணம்னு எடுத்துக்கிச்சு. சூடு இருந்தாலும் இங்க பனி விழும்னு படிச்சிக்கிச்சு. இந்த வருசம் பச்சை குடுத்ததும் அந்தப் படிப்புலதான்."

பிரம்மசக்தி கீழே பார்த்தாள். கறுப்பு முடிகிற இடத்தில் ஓடைக்கரை பச்சையாகத் தெரிந்தது. நாவல் மரத்தின் தலை தெரிந்தது. இங்கிருந்து அங்கே இறங்கப் பதினைந்து நிமிடம். ஏற இருபத்தைந்து.

"யாரும் வரலியே சார்," என்றாள். "வந்திருந்தா எங்களுக்குத் தெரியாம இருக்குமா? அந்த வருசம் மேல ஒரு ஆளும் ஏறல. நானும் அண்ணனும்..."

நிறுத்தினாள். விரலை மடக்கி எதையோ எண்ணினாள். சித்திரை. மாசி. பங்குனி.

ஜெபசிங் தாளை மடித்தார். முதலில் இரண்டாக. பிறகு நான்காக. சட்டைப் பையில் வைத்தார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"அன்னிக்கு நீங்க எதுக்கு வந்திய சார்?"